நமக்குள்ள என்ன?

'நமக்குள்ள என்ன?' இனத்தாரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பாதகமில்லை, அவர்களுக்கு உங்களைத் தெரியும். உங்கள் சம்பளம் தெரியும், உங்கள் மாமியார் கடைசியாக எதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார் என்று தெரியும், நேற்று நீங்கள் ஏன் அழுதீர்கள் என்பது உங்களைவிட நன்றாகவே தெரியும். கெட்டவர்களா? சேச்சே. கெட்டவர்கள் என்றால் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிடலாமே! அன்பானவர்கள். வம்பே அதுதான்.

அந்த இனத்தின் அசல் வாரிசு ஒருவர் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த டாக்டருக்கும் அக்கா. டோக்கன் வாங்க வந்தவரிடம் வியாதியைக் கேட்டு, வியாதிக்குக் காரணம் கேட்டு, அந்தக் காரணத்துக்குக் காரணமான மருமகளைப் பற்றியும் கேட்டு, கையோடு மருந்தும் சொல்லிவிடுவார். டாக்டருக்கு மிஞ்சுவது கையெழுத்து.

இப்பேர்ப்பட்ட அக்காவின் அன்பு மொத்தத்தையும் தாங்கும்படி வாய்த்தவள், அதே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்த பெண். மடங்காத முட்டியையும் தூக்க முடியாத தோளையும் பழக்கி எடுக்கிறவள். கணவனைப் பிரிந்து தனியாக ஒரு சின்ன வீடு எடுத்திருந்தாள். அடி உதை எதுவும் கிடையாது. அவள் பேசினால் அவன் சிரிப்பான். அவள் அழுதால் கடிகாரத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான். 'அவ்வளவுதானா?' என்கிறவர்கள் அந்த மனிதனோடு ஒரு மாதம் குடியிருந்து பார்க்கலாம்.

குடிபோன அன்று பெட்டி தூக்க வந்தவர் அக்கா. அந்த நன்றியில் ஒரு மாற்றுச் சாவி கைமாறியது. பிறகென்ன? அவள் வேலை முடிந்து வந்தால் திரைச்சீலை மாறியிருக்கும், கட்டில் ஜன்னலை விட்டுச் சுவரோரம் போயிருக்கும், குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே "சீக்கிரம் வா, ஒண்ணு சொல்லணும்" என்று குரல் கேட்கும். "கொஞ்சம் தனியா இருக்கணும்போல இருக்குக்கா" என்றால், "தாராளமா இரு, நான் இங்கயேதான் இருக்கேன்" என்பார்.

ஒரு தடவை மெல்ல ஆரம்பித்துப் பார்த்தாள்.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்கக்கா."

"போனா? நமக்குள்ள என்ன போனு?"

விவாதம் முடிந்தது.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பெண் இளைத்துப்போனாள், சிரிப்பதே இல்லை. காரணம் என்ன? தனிமை. மருந்து? புருஷன். டோக்கனே வாங்காத நோயாளிக்கு அக்கா வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அவனை அழைத்துவந்து, தன் கைச்சாவியால் கதவைத் திறந்து, சோபாவில் உட்காரவைத்து, தேநீரும் போட்டுக் கொடுத்தார். இருவரும் மனம்விட்டு அழும்போது தான் சமையலறைக்குள் ஒதுங்கிவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தார். எப்பேர்ப்பட்ட நாகரிகம்!

அவள் வந்தாள். யாரிடமிருந்து தப்பிக்க அந்த வீட்டை எடுத்தாளோ, அவன் அவளுடைய சோபாவில் சாய்ந்திருந்தான். காய்கறிப் பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவள் வாசல் கதவைச் சாத்தாமல் அகலத் திறந்து வைத்ததை அக்கா கவனித்தார். சந்தோஷத்தில் சாத்த மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க கிளம்புங்க" என்றாள் அவனிடம்.

"அக்கா கூப்பிட்டாங்கன்னுதான் வந்தேன்."

"அப்ப அக்கா வீட்டுக்குப் போங்க."

அக்கா சிரித்தார். "அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க உட்காருங்க தம்பி."

"அக்கா, நீங்களும்தான். கிளம்புங்க."

"நானுமா? எல்லாம் உன் நல்லதுக்குத்தானே..."

"எனக்கு எது நல்லதுன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா? இங்க வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அதுக்குள்ள இவரக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டீங்க. சாவியக் குடுங்க."

குரல் உயரவே இல்லை. அக்காவைக் கலக்கியது அதுதான். கத்தினால் சமாதானம் சொல்லலாம், அழுதால் கண்ணைத் துடைக்கலாம். இப்படி நிதானமாகக் கை நீட்டி நிற்கிறவளை என்ன செய்வது? சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார், கூடவே அவனும்.

வினை அங்கேதான் தொடங்கியது. பஸ் நிறுத்தம் வரை அவன் புலம்பினான். மறுநாள் வரவேற்பு மேசைக்கே வந்து புலம்பினான். அக்கா சாப்பிடும்போது போன். அக்கா குளிக்கும்போது போன். அக்கா தன் கணவரோடு நிம்மதியாகச் சண்டை போடும்போதும் போன். "வேலையா இருக்கேன் தம்பி" என்றால், "நீங்க பாட்டுக்குச் செய்யுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். நமக்குள்ள என்ன?" என்பான். ஒரு நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கே வந்து, நேராகப் போய் பிரிட்ஜைத் திறந்து, "ஜில்லுன்னு தண்ணி இல்லையா?" என்றான்.

"எதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று அக்கா வெடித்தார். "சொல்லாம கொள்ளாம வந்து அடுத்தவங்க வீட்டு பிரிட்ஜத் திறக்கறதா?"

அவனை வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டதும், இந்த அநியாயத்தை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றிருந்தது. சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? பெண்ணின் தெருமுனை வரை போய்விட்டார். அங்கே கால் நின்றது. போனை எடுத்து, வாழ்நாளிலேயே சொல்லியறியாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"வரலாமா?"

பதில் வருவதற்குள் அக்கா தெருவிளக்குக் கம்பத்தை இரண்டு தடவை சுற்றிவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாம்க்கா. சனிக்கிழமை சாயங்காலம் வாங்க."

சனிக்கிழமை வந்தது. பிரிட்ஜ் கதையைக் கேட்டு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முகம் தெளிந்திருந்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா? அன்னிக்கு நான் அவனக் கூட்டிட்டு வந்ததாலதான் உனக்கு இவ்வளவு தைரியம் வந்துச்சு."

அவள் "நேரமாச்சுக்கா" என்று எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். அக்கா போனார். போனதுதான் அதிசயம்.

நீங்களும் சிரித்தீர்களா? நல்லது. படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்திருப்பாளே? 'பாவம், அவளுக்குத்தான் இது முக்கியமாகத் தெரியவேண்டும், இந்நேரம் வீட்டில்தான் இருப்பாள், ஒரு எட்டுப் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடலாம்' என்று செருப்பை மாட்டுகிறீர்கள், இல்லையா?

கொஞ்சம் உட்காருங்கள்.