ஹபீபுர் ரஹ்மான் வட்டத்தை வெட்டிய கதை

சைதாப்பேட்டை ஹபீபுர் ரஹ்மான் ஒரு சனிக்கிழமை காலையில் தன் சாப்பாட்டு மேசையை வெட்டுவது என்று முடிவெடுத்தார். அவர் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

மேசை மேல் அவருக்குக் கோபம் இல்லை. நல்ல தேக்கு, நாலடி விட்டம். கோபமெல்லாம் அதன் வடிவத்தின் மேல். வட்ட மேசைக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. மனைவி குல்சுமின் ஆதம்பாக்கத்துச் சொந்தமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாசனை தெருமுனையைத் தொடும் நேரத்துக்குச் சரியாக வந்து இறங்குவார்கள். “கொஞ்சம் நகருங்க மச்சான்” என்று மைத்துனன் அப்துல் சமத் ஒரு நாற்காலியைச் செருகுவான். நகர்ந்து நகர்ந்து, போன வாரம் ஹபீபுர் ரஹ்மான் தட்டோடு ஃப்ரிட்ஜ் ஓரம் போய்ச் சேர்ந்தார்.

மேசைக்கு மூலைகள் வேண்டும். பக்கத்துக்கு ஒருத்தர். மூலையில் உட்கார்ந்தால் வயிற்றில் குத்த வேண்டும்.

“அஞ்சு பக்கம்,” என்று அறிவித்தார். “நீ, நான், ரெண்டு பொண்ணுங்க. மிச்சம் ஒரு இடம். உங்கம்மா வரட்டும், தாராளமா.”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த குல்சும் சண்டைக்கே வரவில்லை. அது அவருக்குச் சற்று ஏமாற்றம். பதில்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

மகளின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காகிதத்தில் வட்டம் போட்டார். காம்பஸை அகட்டி அதன் மேல் ஐந்து வெட்டு வெட்டினார். நாலு பக்கம் கூடப்பிறந்தவர்கள் மாதிரி வந்தன. ஐந்தாவது, பத்திரிகை வைக்காத பங்காளி மாதிரி குட்டையாக முறைத்துக்கொண்டு நின்றது. அகலத்தைக் குறைத்தார். இப்போது அது நீண்டது. ரப்பர் போட்டதில் காகிதம் கிழிந்தது.

“ஏங்க, அஞ்சு ஒத்தைப்படை. மேசை கோணலாத் தெரியும். ஆறு போடுங்களேன்.”

“ஆறா? அப்ப சமத்தும்ல வருவான்?”

“அம்மா மட்டும் தனியா எப்படி வருவாங்க?”

நியாயமாகப் பட்டது. அதோடு ஆறு சுலபம். வட்டம் போட்ட காம்பஸை அசைக்காமல் அதே அகலத்தில் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் போதும்.

“ஒரு பக்கம் எவ்ளோ நீளம் வரும்?” என்றாள் குல்சும்.

“மையத்துலேர்ந்து விளிம்புக்கு எவ்ளோவோ அவ்ளோ. ரெண்டடி.”

“கரெக்டா ரெண்டடியா?”

“மூளை இருக்கிறவன் போட்டா மூலை பிசகாது!”

“மயிரிழை கூடப் பிசகக் கூடாதுங்க,” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மேசைக்கு பாக்ஸ் காம்பஸ் எட்டவில்லை. கயிற்றால் அளந்தார். கயிறு இழுபட்டு, ஆறாவது கோடு முதல் கோட்டைத் தாண்டி ஓடியது. சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்தார். மறுபடி அளந்தார். மறுபடி துடைத்தார். லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார். மேசையா நானா!

கடைசியில் ஒரு மரச்சட்டத்தை எடுத்து ஒரு முனையில் ஆணியும், இரண்டடி தள்ளிப் பென்சிலும் பொருத்தினார். விளிம்பைச் சுற்றி வந்தார். ஆறாவது கோடு முதல் கோட்டின் தலையிலேயே போய் விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தச்சர் வேம்பு ரம்பத்தோடு வந்து தலையைச் சொறிந்தார்.

“நைனா, வட்டம் ஷோக்காத்தான கீது? இத்தப் போயி வெட்டச் சொல்றியே?”

“வெட்டு.”

ஆறு துண்டுகள் தரையில் விழுந்தன. ஹபீபுர் ரஹ்மான் அன்று அரசர்.

ஞாயிறு மதியம் ஆறு பக்கத்துக்கு ஆறு நாற்காலி போட்டு, ஒன்றில் தானே சம்மணமிட்டு உட்கார்ந்தார். வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. சமத் இறங்கினான். மாமியார் இறங்கினார். சமத்தின் சகலை, சகலையின் தங்கை, பிள்ளைகள் என்று ஆதம்பாக்கமே இறங்கியது. கடைசியாக மூன்று மடக்கு மேசைகள் இறங்கின.

சமத் ஒன்றை விரித்து, வெட்டிய பக்கத்தோடு சேர்த்துத் தள்ளினான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கமாக மூன்றையும் ஒட்டினான். கூடம் முழுக்க மேசை.

“குல்சும்! இன்னா இது?”

“சமத் போன மாசமே வாங்கிட்டான். எல்லாம் ரெண்டடி அகலம். வட்டத்தோட சேத்தா நடுவுல சந்து விழுது, சால்னா ஒழுகும். நேர்ப் பக்கம் இருந்தாத்தானே ஒட்டும்?”

“அத என்கிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டிருந்தா வெட்டியிருப்பீங்களா?”

சமத் விளிம்பைத் தடவிப் பார்த்தான். “மச்சான், ஊசி நுழையாது! எப்படிப் போட்டீங்க?”

ஒரு கணம் ஹபீபுர் ரஹ்மானுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுந்து நின்று மரச்சட்டத்தின் கதையை விளக்கினார். விளக்கி முடித்துத் திரும்பினால் அவர் நாற்காலியில் சகலையின் தங்கை.

“குல்சும், இத்தனை பக்கத்துல என் பக்கம் எது?”

“அடுப்படிப் பக்கம். தயிர்ப் பச்சடி எடுத்துட்டு வாங்க.”