பதினான்கு அடிக் கம்பும் கவிழ்த்த வாளியும்

மீன் பிடிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. மீன் பிடிக்கக் கம்பு வாங்குகிறவர் என்று இன்னோர் இனம் உண்டு. இரண்டும் ஒரே கடற்கரையில், ஒரே காற்றில், பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஜனங்கள் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வாளியைப் பாருங்கள். முதல் இனத்தாரின் வாளி நிமிர்ந்திருக்கும். உள்ளே ஏதாவது துள்ளும். இரண்டாம் இனத்தாரின் வாளி கவிழ்ந்திருக்கும்; அதன் மேல் அவர் உட்கார்ந்திருப்பார்.

அடியேன் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஏன் மீன் கிடைப்பதில்லை என்று கேட்கிறீர்களா? காரணத்துக்கா பஞ்சம்? முதல் வருஷம் காற்று சரியில்லை. இரண்டாம் வருஷம் நீரோட்டம். அப்புறம் நிலா, இரை, பந்தை எறிந்து நாயைக் குளிப்பாட்டும் குடும்பங்கள், இப்படி ஒவ்வொன்றின் மீதும் பழியைப் போட்டு, போட இடமில்லாமல் போன ஒரு நல்ல நாளில் பக்கத்தில் நிற்பவரின் கம்பு கண்ணில் படும். அவருடையது பத்தடி. நம்முடையது ஏழடி. அடடே, விஷயம் இங்கே அல்லவா இருக்கிறது!

அவருக்கும் மீன் கிடைக்கவில்லை என்பது அந்தச் சமயம் தோன்றாது.

பிறகு கடை. எங்கள் இனத்தார் வருவதைப் பார்த்தாலே தூண்டில் கடைக்காரர் முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுவார். இறக்கை உடைந்த அனுபவம். நாங்கள் மூன்று துண்டுக் கம்பை ஒன்றாகப் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடி, வளையங்கள் எல்லாம் நேர்கோட்டில் வருகின்றனவா என்று பார்த்து, அடிப்பக்கத்தைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கி, நுனி ஆடி அடங்கும்வரை உற்றுப் பார்த்து, கடைசியில் "ம்ம்ம்" என்போம். அந்த "ம்ம்ம்"முக்கு என்ன அர்த்தம்? சத்தியமாக எங்களுக்கும் தெரியாது.

"எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்பேன்.

"நீங்க வீசுங்க சார், அப்புறம் ஈயக்குண்டைத் தேட படகுதான் வேணும்."

தூரம் கேட்டிருக்கிறேன், எடை கேட்டிருக்கிறேன், கார்பனா கண்ணாடி இழையா என்று குலம் கோத்திரம் விசாரித்திருக்கிறேன். மீன் கடிக்குமா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கண்ணாடி வேண்டும் என்று வந்து நிற்பவர்களிடம், "உங்க கண்ணாடியில ஒரு குறையும் இல்லைங்க, முதல்ல அதைத் துடைச்சுப் போட்டுப் பாருங்க" என்று ஞானி மாதிரி திருப்பி அனுப்புகிறவன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏழடி, பத்தடி, பன்னிரண்டடி என்று வளர்ந்து பதினான்கு அடிக் கார்பன் கம்பு ஒருநாள் வீட்டுக்குள் வந்தது. கம்பு கூடத்தில் அடங்காமல், ஒரு முனை சமையலறையிலும் மறுமுனை படுக்கையறையிலுமாகக் கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி என் மனைவி சாப்பாடு பரிமாறினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏங்க, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்கு நாலு கூடம் ஆயிடுச்சு."

"இது நுனி வேற மாதிரிம்மா..."

"இருக்கட்டும். இதுதான் கடைசி. இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன். ஒரே ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க, வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா இனிமே ஞாயித்துக்கிழமை காலை எனக்கு. நான் சொல்றதுதான் நடக்கும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வாரத்தில் ஆறு நாள், நான்கு சுவரும் கண்ணாடியான ஒரு சின்ன அறையில், "இப்போ தெளிவா தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கேட்டே வாழ்கிறவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும்தான் எனக்கென்று மூச்சு விடும் நேரம். மீன் கிடைக்காவிட்டால் என்ன, கடல் கிடைக்கிறதே. அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரையில் எங்கள் கூட்டத்தின் மற்ற மூவரும் தயாராக இருந்தார்கள். எதற்கெடுத்தாலும் காற்றைக் குறை சொல்வதால் நாங்கள் 'வானிலை' என்று அழைக்கும் நண்பர் என் கம்பைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு: யாரும் யாரிடமும் மீனைப் பற்றிக் கேட்கக்கூடாது, நூலில் கட்டிய ஈயம் எங்கே விழுந்தது என்றுதான் பார்க்க வேண்டும். நான் ஓடி, குனிந்து, உடம்பை முறுக்கி, முனகலோடு வீசினேன். ஈயம் அலைகளைத் தாண்டி, அதற்கப்பால் மிதந்த பறவைகளையும் தாண்டி விழுந்தது. வானிலை கைதட்டினார். நான் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கையில் ஏழடிக் கம்பு.

வீட்டில் மூன்று வருஷமாக ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த அதே ஏழடிக் கம்பு! நுனியில் துடைப்பம் கட்டிய கயிற்றின் தடம்கூடப் போகவில்லை.

"சும்மா உக்காந்திருக்கணுமா? நானும் வீசிப் பாக்கறேன்" என்று இறால் துண்டைக் குத்தி வீசினாள். வீச்சா அது! முதல் அலை உடையும் இடத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிந்த பள்ளத்தில், 'தொப்' என்று விழுந்தது. நான் எச்சில் துப்பினால் அதைவிடத் தூரம் போகும். ஐயோ பாவம் என்று நினைத்தேன்.

நினைத்து முடிக்கவில்லை, நுனி துடித்தது.

கிழங்கான் மீன். உள்ளங்கை தாண்டிய நீளம், வெள்ளி மாதிரி மினுமினுப்பு. அடுத்த வீச்சில் இன்னொன்று. நான் உட்கார்ந்திருந்த வாளியை, "கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொல்லி உருவி, நிமிர்த்தி, கடல் தண்ணீரை மொண்டு மீன்களை உள்ளே விட்டாள். ஆறு வருஷத்தில் அந்த வாளி முதல்முறையாக வாளியானது. எனக்கு உட்கார இடமில்லை.

"அது... காத்து இன்னிக்கு அந்தப் பக்கமா அடிக்குது, தங்கச்சி" என்றார் வானிலை.

"இல்லைங்கண்ணா. அலை மண்ணைக் கிளறிவிடற பள்ளத்துலதான் மீன் மேயும், கிட்டவே வீசுங்கன்னு இந்தக் கம்போட வந்த தாள்லயே போட்டிருந்துச்சே? நீங்க யாரும் படிக்கலையா?"

அந்தத் தாளை நான் கம்பைப் பிரித்த வேகத்தில் தூக்கி எறிந்திருந்தேன்; அவள் எடுத்துப் படித்திருக்கிறாள். நாங்கள் நான்கு பேர், ஆறு வருஷமாக, மீன்களின் தலைக்கு மேலே ஈயத்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது கொஞ்ச தூரம்தான் அலைந்திருப்பான்.

எட்டு மீன் அவளுக்கு. எனக்குப் பூஜ்யம். வீடு திரும்பும்போது பதினான்கு அடியைத் தோளில் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன். பேச்சு பேச்சுதானே. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

"ஏங்க."

"ம்."

"இனிமே ஞாயித்துக்கிழமை காலை எனக்குத்தானே?"

"உனக்குத்தான்."

"அப்போ அடுத்த வாரமும் நான் இங்கேதான் வருவேன். நீங்க வாளியைத் தூக்கிட்டு வாங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் காலில்கூட விழுந்திருப்பேன். தோளில் இருந்த கம்பு தடுத்துவிட்டது. அவள் நாலடி நடந்தாள். நின்றாள். ஏழடிக் கம்பைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாள். இரண்டு உலுக்கு உலுக்கினாள்.

"ம்ம்ம்" என்றாள். "நுனி கொஞ்சம் தடியா இருக்குல்ல? மீன் கடிக்கறது கையில சரியா தெரியல. அந்தக் கடைக்காரர் இப்போ கடை திறந்திருப்பாரா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குத் தூண்டில் பழக்கமே இல்லை, தெரியும். உங்களுடையது வீணையாக இருக்கலாம், கேமராவாக இருக்கலாம், நல்ல பேனா ஒன்று வாங்கியதும் தொடங்கப்போகும் நாவலாக இருக்கலாம். எதற்கும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருக்கும்போது, எதன் மேல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.