பாறைக்குட்டை அச்சம்: ஒரு பல்துறை ஆய்வு

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. காடு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையைப் படித்தால் அப்படித் தோன்றாது. அங்கே மரகதம் என்ற தேவாங்கு முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். பிறந்தபோதே அவளுக்குக் கண் பெரிதாக இருந்ததால் படிக்கவைக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். தேவாங்குகள் எல்லாவற்றுக்கும் கண் பெரிதுதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மரகதத்திடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அவள் குடியிருந்த மரத்துக்குக் கீழே பாறைக்குட்டை என்ற சின்ன நீர்நிலை. கோடையிலும் வற்றாது. ஒவ்வொரு மாலையும் புள்ளிமான் கூட்டம் ஒன்று அதன் ஓரமாகவே நடந்து, குனிந்துகூடப் பார்க்காமல், மேட்டைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கும் ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். செவ்வந்தி என்ற கால் ஊனமான பெண்மான் மட்டும் குட்டையோடு நின்றுவிடுவாள். அவள் குடித்து முடித்து, பாறைமேல் சாய்ந்து, மற்றவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பாள். பக்கத்தில் தண்ணீர் இருக்க, மான்கள் ஏன் தூரம் போகின்றன என்று மரகதம் குட்டியாக இருந்தபோதிலிருந்தே யோசித்துவந்தாள்.

அந்த ஆண்டு பல்துறை ஆய்வுகளுக்கே அனுமதி என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆகவே அவளுக்கு மூன்று கைடுகள் அமைந்தார்கள். புவியியல் துறையிலிருந்து யானை சார், உளவியலிலிருந்து ஆந்தை மேடம், அரசியல் அறிவியலிலிருந்து நரி சார். மூவரும் ஒருவரையொருவர் பெரிதும் மதித்தார்கள். அதனால் ஒருவர் அறைக்கு மற்றவர் போவதில்லை.

யானை சார், தூரத்தை அளந்து வரைபடம் போட்டால் எல்லாம் தானாக விளங்கும் என்றார். மரகதம் அளக்கப் போனாள். தேவாங்கின் நடைக்கு, ஓடைவரை அளந்து முடிப்பதற்குள் ஒரு கோடை போய்விட்டது. ஆந்தை மேடம் தலையை முழுதாகப் பின்னுக்குத் திருப்பிப் புத்தகம் எடுத்துக்கொண்டே, தூரமெல்லாம் வெறும் வெளித்தோற்றம், உள்ளே இருப்பது அச்சம் என்றார். எந்த அச்சம் என்பதை மட்டும் மரகதம் கண்டுபிடித்தால் போதுமாம். நரி சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஒருத்தருக்குப் பயம்னா இன்னொருத்தருக்கு லாபம்மா. அந்த இன்னொருத்தர் யாருன்னு தேடு.”

“தேடியும் கிடைக்கலைன்னா சார்?”

“கண்ணுக்கே படாத அதிகாரம். அது இன்னும் பெரிசு. தனி அத்தியாயமாவே போட்டுடலாம்.”

ஆய்வுக்களத்தில் மரகதத்துக்கு யாரையும் தெரியாது. செவ்வந்திதான் கைகொடுத்தாள். தான் குடிக்கும் குட்டைக்கு மேலே இத்தனை நாள் உட்கார்ந்திருந்த பெண் இவள்தானா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நொண்டி நொண்டி, கூட்டத்தின் ஒவ்வொரு மானிடமும் அவளே அழைத்துப் போனாள். இது நம்ம மரகதம், படிக்குது, ஏதோ கேட்கணுமாம், சொல்லுங்க என்று அறிமுகம் செய்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அசைபோடுவாள். மரகதம் வினாப்படிவத்தைப் பிரிப்பாள். பாறைக்குட்டையில் தண்ணீர் குடிக்க உங்களுக்கு எவ்வளவு அச்சம்? அச்சமே இல்லை என்றால் ஒன்று. மிக மிக அதிகம் என்றால் ஐந்து.

மான்கள் முதலில் செவ்வந்தியைப் பார்த்தன. பிறகு மரகதத்தைப் பார்த்தன. பிறகு ஐந்து என்றன.

குட்டிகள்கூட ஐந்து என்றன. கூட்டத்தின் தலைமான் வேலப்பர் சற்று யோசித்து, ஐந்துக்கு மேலே கிடையாதா தாயி என்று விசாரித்தார். கிடையாது என்றதும் வருத்தத்தோடு ஐந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். செவ்வந்தி மட்டும்தான் அச்சமே இல்லை என்றாள். அவளுடைய விடையை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைக்கும்படி ஆந்தை மேடம் அறிவுரை சொன்னார்.

ஐந்துகள் வந்தபின் வேலை சுலபமாகிவிட்டது. அச்சம் இருக்கிறது, ஆகவே அச்சுறுத்துபவர் இருக்கவேண்டும். நரி சார் அது சிறுத்தையாகத்தான் இருக்கும் என்றார். குட்டையில் சிறுத்தையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று மரகதம் தயங்கினாள். பார்க்காமலேயே ஐந்து என்றால் பார்த்தால் எவ்வளவு என்று அவர் திருப்பிக் கேட்டார். யானை சார் குட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடச் சொன்னார். வட்டத்துக்குக் கீழே ‘சிறுத்தை ஆதிக்கப் பகுதி’ என்று குறிவிளக்கம் எழுதப்பட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், வழக்கப்படி, வரைபடத்தைத் துறைக்கு வெளியே வேங்கை மரத்தில் மாட்டிவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்துக் கருத்துச் சொல்லலாம்.

ஒருவரும் பார்க்கவில்லை. மரகதம் மரக்கிளையைப் பிடித்தபடி நாள் முழுக்கக் காத்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். மேட்டுக்கு அந்தப் பக்கம் குரங்குகளைத் துரத்திக் காலம் தள்ளிவந்த சிறுத்தை அவர். வயதாகிவிட்டதால் குரங்குகள் இப்போதெல்லாம் அவரைக் கேலி பேசின. வரைபடத்தைத் தலை சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“இது நான்தானாம்மா?”

மரகதம் இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டாள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே அவளுடைய ஆய்வை ஒருவர் படிப்பது அதுவே முதல் தடவை. ஆமாம் சார் என்றாள். தனக்கு இப்படி ஓர் இடம் இருப்பது இதுவரை தெரியாது என்று சிறுத்தை அடக்கமாகச் சொன்னார். குட்டை எந்தப் பக்கம், மான்கள் எந்த நேரத்துக்கு வரும், கடைசியில் தங்குவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நல்ல கேள்விகள். மூன்று கைடுகளில் ஒருவர்கூட இவ்வளவு நுட்பமாகக் கேட்டதில்லை. மரகதம் அட்டவணைகளைப் புரட்டிக் காட்டி விளக்கினாள். போகும்போது அவர், ரொம்பத் தெளிவா எழுதியிருக்கியேம்மா என்றார். அன்று அவள் சந்தோஷத்தில் சாப்பிடவில்லை.

ஆய்வேட்டில் நன்றியுரை எழுத வேண்டியிருந்தது. வேலப்பரின் பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டு மரகதம் மான் கூட்டத்துக்குப் போனாள். செவ்வந்தி அன்று உடன் வரவில்லை. உங்கள் அச்சத்தைத் தயங்காமல் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்று மரகதம் படித்துக் காட்டினாள். வேலப்பர் காதை ஆட்டினார்.

“என்ன அச்சம் தாயி?”

“குட்டையைப் பத்தி. எல்லாரும் அஞ்சு சொன்னீங்களே.”

“கேட்டு வந்த பிள்ளைக்கு ஒண்ணைக் கொடுத்து அனுப்புவோமா? எங்க கூட்டத்துல அப்படி வழக்கம் இல்லை. இருக்கிறதுலயே பெரிசு எதுவோ அதைக் கொடுத்தோம்.”

மரகதத்தின் கண்கள் இன்னும் பெரிதாயின. அப்படியானால் ஏன் யாரும் அங்கே குடிப்பதில்லை என்று கேட்டாள். வேலப்பர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சின்னக் குட்டை. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வாய் வைத்தால் எத்தனை நாளைக்கு வரும்? செவ்வந்தியால் மேடேற முடியாது. அவளுக்கென்று விட்டுவைத்தது. அவளுக்கு முன் நிறைமாதமாக இருந்தவளுக்கு, அதற்கும் முன் பல் விழுந்த கிழவருக்கு. இதை அவள் முன்னால் வைத்துக் கேட்டால் என்னவென்று சொல்வது? பிச்சை போட்டதுபோல் ஆகிவிடாதா?

“நீயும் ஒவ்வொரு தடவையும் அவளைக் கூட்டிக்கிட்டே வந்தே,” என்றார். பிறகு, இப்போது அந்தப் பக்கம் சிறுத்தை வாடை அடிக்கிறது என்றும், செவ்வந்தி நான்கைந்து நாளாகப் புல்லிலிருக்கும் பனியை நக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார். யார் மேலும் குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை. மரகதத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் கைடுகளிடம் ஓடினாள். தேவாங்கு ஓடினால் எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமாயிற்று. யானை சார், தூரம் சரியாகத்தானே இருக்கிறது என்றார். மானின் மனதில் என்ன இருக்கிறது என்பது ஆந்தை மேடம் பாடு. ஆந்தை மேடம், இரக்கத்தை அளக்கத் தரப்படுத்திய அளவுகோல் கிடையாது, இதெல்லாம் வழக்கம் சம்பந்தப்பட்டது, நரி சாரைக் கேள் என்றார். நரி சார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“எழுதாதேன்னு சொல்லலை. எழுது. முதல்லேருந்து எழுதணும். அஞ்சு வருஷம் ஆகும். நாங்க யாரும் அதுவரைக்கும் பணியிலே இருக்கமாட்டோம். இல்லைன்னா அடுத்த வாரம் வைவா. யோசிச்சுக்கோ.”

மரகதம் யோசித்தாள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எல்லார் முன்பும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொன்னால் வட்டத்தை அழிப்பார்கள். வட்டம் அழிந்தால் சிறுத்தைக்கு அங்கே இருக்க ஆதாரம் கிடையாது. படித்தவள் ஆகையால் அவளுக்கு அப்படித் தோன்றியது.

வைவா நாளில் பக்கத்துக் காட்டிலிருந்து புறத்தேர்வாளராகக் கூழைக்கடா ஒருவர் பறந்து வந்தார். வந்ததும் மதியச் சாப்பாட்டில் மீன் உண்டா என்று விசாரித்து, உண்டு என்றதும் ஆய்வேடு சிறப்பாக வந்திருப்பதாகச் சொன்னார். பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யார் வேண்டுமானாலும் வரலாம். வழக்கமாக யாரும் வருவதில்லை. அன்று கடைசி வரிசையில் செவ்வந்தி வந்து படுத்திருந்தாள். விலா எலும்புகள் தெரிந்தன. நம்ம மரகதத்துக்கு இன்றைக்குப் பட்டம் தருகிறார்களாமே என்று விடிவதற்கு முன்பே கிளம்பி நொண்டி வந்து சேர்ந்திருக்கிறாள்.

கூழைக்கடா ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார். தகவல்கள் பழையவை. களத்தில் அந்த அச்சம் இன்றும் நிலவுகிறதா?

மரகதம் எழுந்து நின்றாள். இல்லை ஐயா, அப்போதும் நிலவவில்லை என்று ஆரம்பிக்க வேண்டும். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். தேவாங்கின் வாய் மெதுவாகத் திறக்கும். அதற்குள் கூழைக்கடா பின்வரிசையைப் பார்த்துவிட்டார்.

“இவங்க அந்தப் பகுதிதானே? இவங்களையே கேட்டுடலாமே. ஏம்மா, பாறைக்குட்டைக்குப் போக உனக்குப் பயமா?”

செவ்வந்தி தடுமாறி எழுந்தாள். “பயம்தாங்க. சிறுத்தை இருக்காரு.”

“ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு?”

செவ்வந்தி மரகதத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மரகதத்துக்குத் தெரியும். பந்தியில் கடைசியாக இருப்பதை விருந்தாளியின் இலையில் வைக்கும்போது பார்க்கும் பார்வை.

“அஞ்சுங்க,” என்றாள் செவ்வந்தி.

கூழைக்கடா, விதிவிலக்கும் விதிக்குள் வந்துவிட்டது, தம் அனுபவத்தில் இவ்வளவு துல்லியமாகப் பலித்த ஆய்வைப் பார்த்ததில்லை என்று குறித்துக்கொண்டார். யானை சார் காதுகளை அடித்துக் கைதட்டினார். ஆந்தை மேடம் முதல்முறையாகக் கண்ணை மூடித் திறந்தார். நரி சார் யாரையும் பார்க்கவில்லை. மரகதத்தின் வாய் அப்போதுதான் முழுதாகத் திறந்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“நன்றி ஐயா,” என்றாள்.

விருந்து நடந்தது. கூழைக்கடா கை கழுவ வைத்திருந்த தண்ணீரை மரகதம் ஓர் இலையில் ஏந்தி, சிந்தாமல், மிக மெதுவாகப் பின்வரிசைக்குக் கொண்டுபோனாள். செவ்வந்தி ஒரே மூச்சில் குடித்தாள்.

“பட்டம் கொடுத்துட்டாங்களா தாயி?”

“கொடுத்துட்டாங்கக்கா.”

“நான் சரியாத்தானே சொன்னேன்?”

மரகதம் இலையை மடித்தாள். “சரியாத்தான் சொன்னீங்க,” என்றாள்.

அதன் பிறகு, மேடேற முடியாவிட்டாலும் அதைச் சுற்றிக்கொண்டாவது செவ்வந்தியும் ஓடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. அவளைத் தனியே விட மனமில்லாமல் கூட்டம் முழுவதும் அவள் நடைக்கு நடந்தது. வேலப்பர் முன்னே போகாமல் அவளுக்குப் பக்கத்தில் வந்தார். மெதுவாகப் போகும் மான் கூட்டத்தைப் பற்றிச் சிறுத்தைக்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கோடையிலும் கூட்டம் சற்றுச் சிறுத்தது.

முனைவர் மரகதத்துக்கு அதே பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அவளிடம் முதல் மாணவியாகச் சேர்ந்த முயல் ஒன்று, புள்ளிமான்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கின்றன என்று ஆராய விரும்பியது. மரகதத்துக்கு விடை தெரியும். சற்று நேரம் சன்னலுக்கு வெளியே வேங்கை மரத்தைப் பார்த்தாள்.

பிறகு, நல்ல தலைப்பு, சோர்வின் அளவை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் கேள் என்றாள்.

நீதி: ஆய்வில் பொய்யான முடிவு என்று ஒன்று கிடையாது, உரிய வாசகர் வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.