ஓவியர் முடிக்கும்வரை புல் அறுக்கக் கூடாது

நிலக்காட்சி ஓவியர் என்று ஓர் இனம் உண்டு. இத்தாலியில் எங்கள் தொஸ்கானா மலைப்பக்கம் மே மாதக் கடைசியில் மின்மினிகளோடு சேர்ந்து வந்து இறங்கும். அகலத் தொப்பி, படம் வைக்க ஒரு முக்காலி, உட்கார ஒரு முக்காலி, படத்துக்கு ஒரு குடை, தனக்கு ஒரு குடை, இத்தனையும் ஒரே இடத்தில் தென்பட்டால் சத்தம் போடாமல் திரும்பி நடந்துவிடுங்கள். இல்லாவிட்டால் "அப்படியே நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்கும். நீங்களும் நின்றுவிடுவீர்கள். ஆபத்தே அதுதான்.

இந்த இனத்தின் வாழ்க்கை வரலாற்றைத் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. ஏழு வயதில் சுவரில் ஒரு சைப்ரஸ் மரத்தை வரைந்து அப்பாவிடம் அடி வாங்கும். பதினெட்டில் பிளாரன்ஸ் கலைக்கூடத்தில் சேரும். இருபதில் "இங்கே ஒருத்தருக்கும் கண் இல்லை" என்று வெளியே வரும். முப்பதில் ஏதோ ஒரு கண்காட்சியில் ஆறுதல் பரிசு பெறும். படத்தை வாங்கியது சொந்த அத்தையாக இருக்கும். அதன்பிறகு சாகும்வரை, சரியான வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்கும். காத்திருக்கும்போது சாப்பிடும். நன்றாகவே சாப்பிடும்.

எங்கள் ஊர் பியெவெராவுக்கு வாய்த்தவர் பெயர் ஃபுல்ஜென்சியோ பர்சொத்தி. அவர் வந்ததும் ஊரே அவர் காலில் விழாத குறை. ஏன் என்கிறீர்களா? எதிர்மலையில் இருக்கும் சசேத்தா என்ற ஊரை முன்பு ஒருவர் வரைந்து, அந்தப் படம் பிஸ்கட் டப்பா மூடியில் அச்சாகிவிட்டது. அன்றுமுதல் சசேத்தாக்காரர்களின் கால் தரையில் படுவதில்லை. சந்தைக்கு முட்டை வாங்க வந்தாலும் கக்கத்தில் அந்த டப்பா. எங்களுக்கும் ஒரு டப்பா வேண்டாமா?

பர்சொத்திக்கு வேண்டிய வெளிச்சம் மாலையில் இருபது நிமிடம்தான் இருக்கும். படம் முடியும்வரை எதுவும் மாறக் கூடாது என்று உத்தரவு. எங்கள் ஊர்க்காரன் ரானியெரி வீட்டு ஜன்னல் பாதி திறந்தபடியே நின்றது. அவன் மனைவியின் சிவப்புப் பாவாடை மூன்று வாரமாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பாதிரியாரின் கழுதைகூட ஐந்து மணிக்குத் தானாக வந்து மேற்கே பார்த்து நிற்கப் பழகிவிட்டது.

இசோலினாவின் புல் மட்டும் பழகவில்லை. அவளுக்கு இருப்பது ஒரு சரிவு நிலம், பியோந்தா என்று ஒரு பசு, புருஷன் விட்டுப்போன ஒரு நீள அரிவாள். ஜூன் இருபத்து நான்கு, புனித ஜொவான்னி திருநாளுக்குள் புல்லை அறுத்து உலர்த்திக் கொட்டிலில் சேர்த்துவிட வேண்டும். அதற்குமேல் இடிமழை. நனைந்த புல் அழுகும். தீவனம் இல்லாமல் குளிர்காலத்தில் பியோந்தாவை விற்க வேண்டிவரும்.

"மாயஸ்ட்ரோ, நாளைக்காவது அறுக்கட்டுமா?"

"அம்மா, அந்த மஞ்சள்! அந்த மஞ்சளைக் கொல்லப் பாக்கறீங்களே! இன்னும் ரெண்டே நாள்."

அந்த ரெண்டு நாள் முடிந்தால் அடுத்த ரெண்டு நாள் தயாராக இருந்தது.

"பொறுத்துக்க இசோலினா, டப்பா மூடியில உன் புல்லும் வரும்ல" என்றான் ரானியெரி.

"வந்து? என் மாடு தகரத்தைத் திங்குமா?"

"சசேத்தாக்காரன் சிரிப்பான்டி!"

அவளும் பியெவெராக்காரிதானே? அரிவாளைச் சாத்திவிட்டாள்.

திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது மழைக்கு அறிகுறியாகத் தைலான் குருவிகள் தரையை உரசிப் பறந்தன. இசோலினா கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனாள். அவள் கொடுத்த பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு ஓவியர் தன் குடைக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். படத்தின்மேல் துணி. முடியாத படத்தைப் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்று அவர் சொல்லியிருந்ததால் ஊரில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தூக்கினாள். ஒன்றாவது மிஞ்சட்டுமே.

படத்தில் ஓர் ஏரி இருந்தது. ஏரியில் இரண்டு அன்னம். தன் புல்வெளியைத் தேடு தேடென்று தேடினாள். அது அன்னங்களுக்கு அடியில் போயிருந்தது.

"ரானியெரி! இங்க வா. வந்து உன் ஜன்னலைக் கண்டுபிடி."

ரானியெரி வந்தான். அவன் வீட்டு இடத்தில் ஒரு பாழடைந்த கோட்டை. "பாவாடையையும் காணோமே" என்று முனகியவன், சட்டென்று எகிறினான். "அடப்பாவி! இது சசேத்தா மணிக்கோபுரம்ல!"

ஓவியர் விழித்துக்கொண்டார். "உங்க கோபுரம் கொஞ்சம் குட்டை. படத்துக்கு ஒத்துவரல. ஆனா வெளிச்சம் முழுக்க உங்களோடதுதான்."

"எங்க ரொட்டியத் தின்னுட்டு அவன் கோபுரமா!"

"அப்ப என் புல்லு எதுக்கு நின்னுச்சு?" என்று இசோலினா கேட்டாள். அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"அது அசைஞ்சா என் மனசு அசைஞ்சிரும்மா."

அவள் போய் அரிவாளை எடுத்தாள். கோபுரச் செய்தி பரவியதும் ஊரே அவள் பின்னால் வந்தது. பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லை வாரினார். "ஐயோ, என் ஏரி! என் ஏரி!" என்று பர்சொத்தி கரையிலிருந்து, அதாவது முக்காலியிலிருந்து, அலறினார்.

"பயப்படாதீங்க மாயஸ்ட்ரோ, முழங்கால் ஆழந்தான்!" என்று இசோலினா வெட்டிக்கொண்டே போனாள்.

புரட்டிப் புரட்டி உலர்த்தி, திருநாள் மாலை கடைசிக் கட்டு கொட்டிலுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பியோந்தா பிழைத்தது. ஓவியர் கோபித்துக்கொண்டு சசேத்தாவுக்கே குடிபோய்விட்டார். இரண்டாவது டப்பாவுக்கு ஆசைப்பட்டு அந்த ஊரார் இன்னும் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் இருக்கிறார்களாம். இலையின் பச்சை கெட்டுவிடுமாம்.

சிரிக்கிறீர்கள். உங்கள் கையில் தூரிகை இல்லை என்ற தைரியம். போன ஞாயிற்றுக்கிழமை ஆறிக்கொண்டிருந்த பிரியாணிக்கு முன்னால் ஒரு குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே, "இருங்க, யாரும் கை வைக்காதீங்க" என்று ஃபோனும் கையுமாக நாற்காலிமேல் ஏறி நின்றது யார்?