நினைவுக்கல்லில் பன்னிரண்டு இடம்

கடல் கடந்த போருக்குப் போன நம்மூர் வீரர்களுக்கு நினைவுக்கல் நாட்டுவதென்று நகர மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. கல் வந்து இறங்கிய பிறகுதான் வீரர்களைத் தேடினார்கள். கல்லில் பன்னிரண்டு பெயருக்கு இடம். போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் திரும்பி வந்து கடைத்தெருவில் துணி தைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் படையின் சமையல்காரர், திரும்பவில்லை.

தையல்காரர் மன்ற அலுவலகத்தின் நினைவுக்கல் பிரிவுக்குப் போனார்.

"பட்டியல்ல என் பேர் இருக்குங்க. என் கூட்டாளி பேரைக் காணோம்."

"அவரே வந்து விண்ணப்பிக்கணும்," என்றார் அதிகாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

"அவர் செத்துட்டாருங்க. என் மடியிலதான் உயிர் போச்சு."

"இறப்புச் சான்றிதழ்?"

"போர் நடந்த இடத்துலயே குழி வெட்டிப் புதைச்சோம். சான்றிதழை யார்கிட்ட கேக்கறது?"

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "நம்ம பதிவுல அவர் சாகல. உயிரோட இருக்கறவருக்கு நேர்ல வர என்ன கஷ்டம்?"

தையல்காரர் நாலு மாதம் நடையாய் நடந்தார். கடைசியில் ஒருநாள் சொன்னார்: "என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போடுங்க. குண்டு விழுந்தப்பகூட அடுப்பை விட்டு நகராத மனுஷன். அவர் போட்ட சாப்பாட்டுலதான் நாங்க எழுந்து நடந்தோம்."

அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார். 'ஒப்பற்ற தியாகம்' என்று கோப்பில் குறிப்பும் எழுதினார். பெயர் நீக்கம் அன்று மாலையே முடிந்தது. சேர்ப்பதற்கு மட்டும் இறந்தவரின் கையெழுத்து தேவைப்பட்டது.

வெறுங்கல்லைத் திறப்பது ஊருக்கு அவமானம் அல்லவா? போர் நடந்த வருஷம் வெளிநாடு சுற்றிப்பார்க்கப் போன தம் மைத்துனரை அதிகாரி சேர்த்தார். "கடல் கடந்தாரா, இல்லையா?" அடுத்து மன்றத் தலைவர், போர்ச் செய்திகளை ஒருநாள் விடாமல் வானொலியில் கேட்டவர். விஷயம் வெளியே கசிந்ததும் ஊரே வரிசையில் நின்றது. இடம் நிரம்பியது.

திறப்பு விழாவில் கயிறு கட்டியிருந்தார்கள். கல்லில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி. தையல்காரர் பழைய சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றார்.

நாங்கள் பன்னிரண்டு பேரும் கல்லின் முன் நெஞ்சு நிமிர்த்தி நின்றோம். படமெடுக்க ஆள் வேண்டுமே! சும்மாதானே நிற்கிறார் என்று அவர் கையில் கைபேசியைக் கொடுத்தோம்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கல்லையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார்.

"போனவங்க எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"வந்துட்டோம்!" என்றோம், ஒரே குரலில்.

படம் நன்றாகவே வந்திருக்கிறது. என் பெயர் ஏழாவது வரி. எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, மனு கொடுத்திருக்கிறேன்.