எதுவும் உடையாத பதிப்பு

மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருள் அது. திறந்த மூலம், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆனால் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம், பழையதில் ஓடியது எதெல்லாம் இதில் உடையும் என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். அதை எழுதுகிறவளுக்குக் குறிப்புக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த முறை அவள் பட்டியலில் பதினேழு உடைப்புகள். ஒன்பதாவதை அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். தேதியில் நாளை முதலில் படித்துவந்த மென்பொருள், இனி மாதத்தை முதலில் படிக்கும். அக்காவின் பல் மருத்துவமனையில் ஓடுவதும் இதே மென்பொருள்தான். ஏழாம் தேதிக்கு நேரம் வாங்கியவர் வீங்கின கன்னத்தோடு வந்து நிற்பார். ஏழாம் மாதம் வாருங்கள் என்று கணினி சொல்லும்.

கணினித் திரையில் கூட்டம் கூடியது. மென்பொருளை முதன்முதலில் எழுதியவரை மூலவர் என்பார்கள். அவரும் பெயருக்கேற்றபடி அசையாமல் இருந்தார். மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய ஆலோசகர்தான் பேசினார்.

"பதினேழா? நம்மள மாதிரி இன்னொரு மென்பொருள் திட்டத்துல ஒண்ணுகூட உடையலையாம். மாநாட்டுல எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"அவங்க ஒண்ணும் மாத்தியிருக்க மாட்டாங்க சார்."

"மாத்தினாங்க. எழுதலை, அவ்வளவுதான்."

மூலவர் கண்ணைத் திறந்தார். "அட, இது நல்லாருக்கே!"

தீர்மானம் நிறைவேறியது: 'உடையக்கூடியன எனக் கருதப்படும் இனங்கள், பாதிக்கப்பட்ட பயனரின் எழுத்துபூர்வமான புகாரின் பேரில் மட்டுமே குறிப்பில் சேர்க்கப்படும்.'

"இன்னும் வெளியிடவே இல்லையே, யாரு பாதிக்கப்பட்டிருப்பாங்க?" என்றாள் குறிப்புக்காரி.

"பார்த்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க. யாரும் பாதிக்கப்படலை" என்றார் ஆலோசகர்.

"பாதிக்கப்பட்டப்புறம் எச்சரிச்சு என்ன பிரயோஜனம்?"

"ஆதாரத்தோட எச்சரிக்கலாம்மா."

'இப்பதிப்பில் எதுவும் உடையவில்லை' என்று ஒரே வரியில் குறிப்பு வெளிவந்தது. அடியில் அவள் பெயர். பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, புதுசைப் போட்டுடாதே!"

"காலையிலேயே போட்டாச்சேடி. உன் பேரைப் பார்த்துதான் தைரியமாப் போட்டேன்."

குறிப்புக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. பல் மருத்துவமனைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பாதிப் பேர் வேறு மாதங்களுக்குச் சிதறியிருந்தார்கள். பன்னிரண்டாம் தேதிக்குப் பிற்பட்டவர்களின் நிலைமை இன்னும் விசேஷம். பதின்மூன்றாம் மாதம், இருபதாம் மாதம் எல்லாம் வரட்டும் என்று கணினி அவர்களைப் பொறுமையாகக் காத்திருப்போர் பட்டியலில் உட்கார வைத்திருந்தது. வரவேற்பறையில் ஒருவர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, "இருபதாம் மாசம் எப்பம்மா வரும்?" என்று கேட்டார். அவர் குரலில் கேலியே இல்லை.

அவள் வீட்டுக்குப் போய் ராப்பகலாக உட்கார்ந்து திருத்தம் எழுதினாள். எழுதி முடிக்க இரண்டு மாதமாயிற்று. அடுத்த பதிப்பில் தேதி பழையபடி சரியாகும் என்று அறிவித்தாள்.

முந்நூறு புகார்கள் வந்து குவிந்தன. 'மாதத்தை முதலில் எழுதப் பழகிவிட்டோம். இப்போது மாற்றினால் எல்லாம் உடையும்.' ஆலோசகருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திட்டத்தின் வரலாற்றிலேயே ஆதாரத்தோடு நிரூபிக்கப்பட்ட முதல் உடைப்பு என்று பாராட்டிக் கடிதம் எழுதினார். புகார்களைப் புரட்டியவள், ஒன்றைப் பார்த்ததும் போனை எடுத்தாள்.

"நீயுமா அக்கா?"

"கோவிச்சுக்காதடி. அந்தக் காத்திருக்கிற கும்பல் திரும்பி வந்தா யாரு பார்க்கறது? இப்பதான் ஆறு மணிக்கே வீட்டுக்கு வர்றேன்."

"அவங்க பல்லு?"

"பாதி தானா விழுந்திருக்கும். நீ யோசிச்சுப் பாரு, முன்னெல்லாம் நான் வர ஒன்பது மணி ஆகும்; இந்த ரெண்டு மாசமா என் பிள்ளைங்களை நீ ஒருநாளாவது அதுவரைக்கும் மேய்ச்சியா?"

குறிப்புக்காரி யோசித்துப் பார்த்தாள். அக்காவின் இரட்டைப் பிள்ளைகள் கடைசியாக வந்திருந்தபோது அவளுடைய விசைப்பலகையில் பாலை ஊற்றியிருந்தார்கள். அதன் பிறகு வீடு, வீடாக இருந்தது.

திருத்தத்தை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டாள். 'இப்பதிப்பிலும் எதுவும் உடையவில்லை' என்று எழுதி, இந்த முறை யாரும் சொல்லாமலே அடியில் தன் பெயரைப் போட்டாள்.