ஜப்பான்காரர் போட்ட கோலும் என் நிச்சயதார்த்தமும்

ஒருவருக்கு ரசிகனாவதில் உள்ள பெரிய தொல்லை, நாம் என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான். நம் மானம் மட்டும் அவர் காலில் கிடக்கும்.

எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்புக்கு ஜப்பானிலிருந்து ஒரு மிட்ஃபீல்டர் வந்திருந்தார். ஆட்டம் சுமார்தான். நெற்றியில் விழும் முடிதான் விசேஷம். அவர் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்னும் வீடியோவை உலகமே பார்த்தது. பந்தை உதைக்கும் வீடியோவை அவர் அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டார். மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் உட்கார்ந்துகொண்டு அவருக்குத் தமிழில் ரசிகர் பக்கம் நடத்திய மேதாவி நான். (சம்பளமா? யாரிடம் போய்க் கேட்பது?)

ஒருநாள் எவனோ, "இவரு ஷாம்பு விளம்பரத்துக்குத்தான் சரி மச்சான், கோல்லாம் போட மாட்டாரு லா" என்று எழுதினான். எனக்கு ரத்தம் கொதித்தது. 'முருகா, இவர் ஒரு கோல் போட்டால் உனக்கு மொட்டை' என்று பதிவு போட்டேன். எப்படியும் போட மாட்டார் என்ற தைரியம். (பக்தன் லட்சணம்.)

என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள், யாரோ அடித்த பந்து அவர் முதுகில் பட்டு வலைக்குள் போனது. ஊரே என் பதிவைப் பகிர்ந்தது. அம்மா வரைக்கும் வந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் அடிச்சுக்கிறேன்மா."

"முருகன்கிட்டயே தவண கேக்குறியா? காலையில கோயிலுக்குப் போயிட்டு வா."

மொட்டை அடித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். தலையே போன பிறகு மீசை எதற்கு என்று அதையும் எடுத்தேன். புது வெள்ளைச் சட்டையில் ஒழுகுமே என்று தலையில் பூசிய சந்தனத்தைக் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தபோதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பெண் வீடு பத்து காஜா என்ற ஊரில். கோமதியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவளுக்கு முன் பார்த்த எல்லா இடமும் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் நான் உடைந்தே போயிருப்பேன்.

வாசலில் என்னையும் அம்மாவையும் இறக்கிவிட்டு, அப்பா காரை நிறுத்த இடம் தேடிப் போனார். தட்டுகள் காரிலேயே இருந்தன. மொட்டை அடிக்கச் சொன்ன அம்மாதான், காலையிலிருந்து என் தலையைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

கோமதியின் அப்பா என்னைப் பார்த்ததும் முகம் மாறி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச தேத்திக்குங்க தம்பி."

"பரவால்ல மாமா. மூணு மாசத்துல வளந்துரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "தோரணத்தக் கழட்டுங்க. தீட்டு கழியட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

அம்மாவின் அழுகை நின்றது. "யாரு வீட்டுத் தீட்டு?"

அப்போது பழத்தட்டைச் சுமந்துகொண்டு, வியர்க்க விறுவிறுக்க அப்பா கேட்டைத் திறந்தார். தன் சாவுக்குத் தானே ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தவர் பேராக் மாநிலத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஜப்பான்காரன் கோல் போட்டதுக்கு நீங்க ஏன் மொட்ட?" என்று கேட்டார் கோமதியின் அப்பா.

கதை முடிந்தது என்றே நினைத்தேன். உள்ளேயிருந்து கோமதி வந்தாள்.

"அந்த ஆள எனக்கும் தெரியும்பா. முடி ரொம்ப அழகா இருக்கும்." என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, தட்ட வாங்கிக்குங்க."

அந்த மிட்ஃபீல்டர் அடுத்த ஆண்டே வேறு நாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு முடி வளர்ந்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் நான் கொஞ்சம் ஒட்ட முடிவெட்டிக்கொண்டு பத்து காஜாவுக்குப் போனால் போதும், மாமா என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் புந்தோங்குக்குப் போன் போடுகிறார்.

"சம்பந்தி, சும்மாதான் கூப்ட்டேன். நல்லா இருக்கீங்கதானே?"